அரைக்கூலி

ஸ்கந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கொலனிக்கு நெல் குத்தும் மில் வந்தபோது அதைப் பார்க்க வராத ஆள் இல்லை. நெல்லோடு வந்தவர்கள்தான் குறைவு.

மில் பெரியம்மாவுடையது. அம்மாவின் மூத்த சகோதரி. காட்டை வெட்டிக் காணியைத் திருத்திவிட்டுப் பெரியப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதன்பின் பெரியம்மா நாலு வருஷம் தனியாக வயல் செய்து, நெல் விற்ற காசோடு தன் சங்கிலியையும் விற்று அந்த இஞ்சினை வாங்கினார். போதாத பங்கை யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்த மாமா போட்டார். அவர் இவர்கள் இரண்டு பேருக்கும் தம்பி. கடையில் ஒரு தீப்பெட்டி குறைந்தாலும் அவருக்கு இரவு நித்திரை வராது என்று அம்மா சொல்வார்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஓர் உரல் இருந்தது. உலக்கை பிடிக்கப் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். கூலி கேட்காத கை வீட்டிலேயே இருக்கும்போது காசு கொடுத்து யார் நெல் குத்துவிப்பார்கள்? அந்தக் கைகளுக்குரியவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் முதல் பாடத்திலேயே வாங்கில் தலை வைத்துத் தூங்கிவிடுவார்கள். பெரும்பாலும் வருவதே இல்லை. என் வகுப்பில் நாங்கள் நாலே நாலு பெட்டைகள்.

ஆறு மாதம் இஞ்சினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா, ஒருநாள் மில் வாசலில் நின்று சொன்னார்.

“பள்ளிக்கூடம் போற பெட்டை நெல் கொண்டு வந்தால் அரைக்கூலி. கையிலை சிலேட் இருக்கவேணும். சிலேட்டிலை அண்டைக்குப் படிச்ச எழுத்து இருக்கவேணும். வேறை ஆர் வந்தாலும் முழுக்கூலிதான்.”

ஊர் சிரித்தது. சிரித்த கையோடு கணக்கும் பார்த்தது. முழுக்கூலி கட்டுபடியாகாது, அரைக்கூலி கட்டுபடியாகும். ஆனால் அதற்கு வீட்டில் ஒரு சிலேட் வேண்டும். அடுத்த திங்கட்கிழமை எங்கள் வகுப்பில் பதினொரு பெட்டைகள் இருந்தார்கள். தை மாதம் வந்தபோது வாங்கு போதாமல் சின்னவர்கள் நிலத்தில் இருந்தார்கள். கலியாணம் முடித்து ஒரு மாதமான புதுப்பெண் ஒருத்தி, தாவணியைக் கட்டிக்கொண்டு சிலேட்டோடு வந்து நின்றாள். பெரியம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “புருஷனையும் கூட்டிக்கொண்டு வா, ரெண்டு பேரையும் பாலர் வகுப்பிலை விடுவம்” என்று திருப்பி அனுப்பினார்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் இஞ்சின் ஓடும். பொழுதுபட அதை நிறுத்தியதும் பெரியம்மா கரித்துண்டால் தகரச் சுவரில் கோடு போடுவார். வாசலுக்கு வலப்புறம் மூடைக்கு ஒரு கோடு, இடப்புறம் சிலேட்டுக்கு ஒரு கோடு. வலப்புறம் நிறைந்திருந்தாலும் இடப்புறம் குறைந்துவிட்டால் அவர் முகம் சுருங்கிவிடும். “இண்டைக்கு மில் நட்டம்” என்பார். இடப்புறம் நிறைந்து வலப்புறம் குறைந்தாலும் அதையேதான் சொல்வார்.

மாமாவின் காதுக்கு எட்டியது அரைக்கூலி மட்டும்தான். மாசி மாதம் ஒரு காலையில் லொறியோடும் ஒரு மெக்கானிக்கோடும் வந்து இறங்கினார். இஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய் விற்று, அவரவர் பங்கைப் பிரித்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டே வந்திருந்தார்.

“பெரியக்கா, நீங்கள் செய்யிறது யாவாரமில்லை, தருமம். தருமத்துக்கு நான் காசு போடேல்லை.”

பெரியம்மா ஏதும் வாதாடவில்லை. “ஏத்திறதெண்டால் ஏத்து தம்பி. இண்டைக்கு வாற நெல்லைக் குத்திக் குடுத்துப்போட்டு ஏத்து. சனத்துக்குச் சொல்லாமல் நிப்பாட்டேலாது” என்றார். காலைச் சாப்பாடு கொண்டுபோன அம்மாவை மாமா நிமிர்ந்தும் பார்க்கவில்லை, சாப்பாட்டைத் தொடவும் இல்லை. கதிரையை வாசலில் போட்டு, காசுப் பேணியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த வாரம் எனக்கு வயிற்றுவலி. ஏழாம் வாய்ப்பாடு பாடமாக்காதவர்களுக்கு வாத்தியார் பிரம்பு காட்டியிருந்ததால் திங்கட்கிழமை தொடங்கிய வலி அது. அன்று புதன்கிழமை. வீட்டில் அரிசி முடிந்துவிட்டது. அம்மா என்னைத் திட்டவில்லை. சிலேட்டை எடுத்துக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போனார், சிறிது நேரத்தில் அதில் எழுத்தோடு வந்தார். அப்படி எழுதித் தருவது அது முதல் தடவையும் அல்ல. என் பாடப்புத்தகத்தைப் பார்த்து வரைந்திருப்பார் என்றே நினைத்தேன். ஒவ்வொரு மாலையும் என்னைப் பக்கத்தில் இருத்தி, “இண்டைக்கு என்ன படிச்சனி? எழுதிக் காட்டு, வாசிச்சுக் காட்டு” என்று அவர் கேட்பதையும் என்மேல் உள்ள சந்தேகம் என்றே நினைத்திருந்தேன்.

அம்மாவும் நானும் மில்லடிக்குப் போனபோது வரிசை வாய்க்கால் மதகுவரை நின்றது. தலையில் நெல்லோடு ஓலைக் கடகம், கக்கத்தில் சிலேட், பக்கத்தில் தாய்மார். அயல் ஊரிலிருந்தும் இரண்டு வண்டில்கள் வந்திருந்தன. இஞ்சின் ஓடத் தொடங்கியதும் மாமா ஒவ்வொரு சிலேட்டாக வாங்கிப் பார்த்து, வேண்டாவெறுப்பாக அரைக்கூலி எடுத்துப் பேணிக்குள் போட்டார். பேணி நிறைந்தது. இன்னொரு பேணி கேட்டார். சாக்குத் தூக்குகிறவனுக்குக் கை ஓயவே, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தானே இரண்டு மூடையை இறக்கினார்.

என் முறை வந்தது. சிலேட்டை வாங்கியவர் கதிரையில் இருந்தபடி அதையே பார்த்தார். எழுத்துகள் பெரிது பெரிதாக, மழையில் நனைந்த கோழிகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

“இண்டைக்குப் பள்ளிக்கூடம் போனனியோ?”

“ஓம்” என்றேன்.

எனக்குப் பின்னால் தன் நெல்லோடு நின்ற வாத்தியார், பாவம், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் சொன்னார்: “உவள் மூண்டு நாளாய் வரேல்லையே. சுகமில்லையோ எண்டு நானே கேக்க இருந்தனான்.”

மாமா எழுந்தே விட்டார். “பாத்தியளோ பெரியக்கா! கள்ள சிலேட்! எங்கடை வீட்டுப் பிள்ளையே இப்பிடியெண்டால் மற்றதுகள் எப்பிடி? உதுக்கோ அரைக்கூலி?”

பெரியம்மா கையைக் காட்ட இஞ்சின் நின்றது. அவ்வளவு நேரம் இரைந்த இடம் சட்டென்று அமைதியானது. என்னால்தான் மில் போகப்போகிறது, என்னால்தான் இவ்வளவு பேரும் நாளைக்கு உலக்கை பிடிக்கப்போகிறார்கள் என்று தோன்றியது.

“ஆரடி எழுதினது?” என்று பெரியம்மா கேட்டார்.

நான் வாய் திறக்கும் முன் அம்மா கடகத்தை இறக்கி வைத்தார். “நான்தான் அக்கா.”

“சின்னக்கா, உங்களுக்கு எங்கை எழுத்துத் தெரியும்?” என்றார் மாமா. கோபம் கொஞ்சம் இறங்கி, குரலில் திகைப்பு வந்திருந்தது. அவர்கள் பிறந்த வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

பெரியம்மா சிலேட்டை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்து அம்மாவிடம் நீட்டினார். “எழுது பாப்பம்.”

அம்மா நிலத்தில் குந்திக்கொண்டார். சிலேட் பென்சிலை உளியைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் உதட்டைக் கடித்தார். வரிசையில் நின்றவர்கள் கடகங்களை இறக்கிவிட்டுச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்கள். எழுதி முடித்ததும் அம்மா சிலேட்டை வேறு யாருக்கும் காட்டாமல் நேரே மாமாவின் கையில் கொடுத்தார்.

மாமா பார்த்தார். சத்தமாக வாசிக்கவேண்டும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். ஆனாலும் வாய் தானாக வாசித்தது.

“தம்பி சாப்பிடு.”

ஓர் எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைப் போட வாத்தியாரின் கை நீண்டது. பெரியம்மா ஒரு பார்வை பார்த்தார். கை திரும்பிப் போனது.

அப்போது வரிசையின் நடுவில் ஒரு தாய் தன் மகளின் சிலேட்டைப் பறித்து உயர்த்திக் காட்டினாள். “உது நான் எழுதினது!” இன்னொருத்தி முகத்தைச் சேலையால் மூடிச் சிரித்துக்கொண்டே, “நானுந்தான், போன கிழமை முழுக்க” என்றாள். மூன்றாவதாக நின்றவள் கேட்காமலே மண்ணில் விரலால் ‘அம்மா’ என்று எழுதத் தொடங்கிவிட்டாள்.

“சிலேட்டிலை எழுத்து இருக்கவேணும் எண்டுதான் சொன்னனான். ஆர் எழுதவேணும் எண்டு சொன்னனானோ?” என்று பெரியம்மா ஊருக்கே கேட்கும்படி சொன்னார். “தம்பி, அரைக்கூலியை எடு. நெல்லைப் போடுங்கோ!”

இஞ்சின் மறுபடி இரைந்தபோது எழுந்ததைப் போன்ற கூச்சலை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில்தான் கேட்டிருப்பேன். மாமா அம்மாவின் கையால் மூன்று தட்டு இடியப்பம் சாப்பிட்டார். பொழுதுபட இரண்டு பேணிகளையும் சாக்கில் கொட்டி எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். முழுக்கூலி வாங்கிய காலத்தில் ஒரு கிழமையில் வந்ததைவிட அது கூடுதல். மில்லுக்குச் சேர்ந்த தவிடு தனியாக மலைபோலக் குவிந்திருந்தது. பெரியம்மா அவர் கையில் கரித்துண்டைக் கொடுத்தார். வலப்புறமும் இடப்புறமும் மாமாவே கோடு போட்டார். இடம் போதாமல் இரண்டும் வாசலுக்கு மேலே ஏறி ஒன்றை ஒன்று தொட்டன.

லொறி புறப்பட்டது. அதில் இஞ்சின் இல்லை; தவிட்டு மூடைகள்தான் இருந்தன. மெக்கானிக் அவற்றின் மேல் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

“சிலேட் நாலு பெட்டி அனுப்பிறன் பெரியக்கா” என்றார் மாமா.

“கொள்விலைக்கோ?”

மாமா கொஞ்சம் யோசித்தார். “சரி, கொள்விலைக்கு.”

நாங்கள் எல்லோரும் சிலேட்டுகளைத் தட்டிக்கொண்டு மதகுவரை லொறிக்குப் பின்னால் ஓடினோம். எனக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது. நான் சொன்ன பொய்க்கு விழவிருந்த பிரம்படியிலிருந்து அம்மா என்னைக் காப்பாற்றிவிட்டார் என்ற பெருமை.

ஆனால் அடுத்த கிழமையே அவர்மேல் எனக்குப் பெரிய கோபம் வந்தது. வெள்ளாண்மை முடிந்ததும் அப்பா திருகோணமலைக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவார். அவருடைய கடிதங்களை வாசித்துக் காட்டுவது என் அதிகாரம். நான் படலையடியில் நின்று உரத்து வாசிப்பேன், அம்மா வேலை செய்துகொண்டே கேட்பார். எப்போதும் ஐந்து வரிதான் இருக்கும். எல்லோரும் சுகமா, மாடு கன்று போட்டதா, பிள்ளைகள் படிக்கிறார்களா.

அந்தமுறை வந்த கடிதத்தை அம்மா தானே உடைத்து, குசினிக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வாசலில் நின்று காத்திருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து வந்து, பதிலையும் தானே எழுதி, எனக்குக் காட்டாமல் ஒட்டினார்.

அதற்குப் பிறகு அப்பாவின் கடிதங்கள் நீண்டுகொண்டே போயின. மூன்று பக்கம், நாலு பக்கம். ஒன்றைக்கூட அம்மா என் கையில் தரவில்லை. ஒரு மாட்டையும் மூன்று பிள்ளைகளையும் சுகம் விசாரிக்க ஒரு மனிதனுக்கு ஏன் நாலு பக்கம் வேண்டியிருக்கிறது என்று எனக்கு விளங்கவேயில்லை.