சுற்றிப் போவது கோழைகள் வேலை

விமானம் ஓட்ட உரிமம் கிடைத்ததிலிருந்து பல் டாக்டருக்குத் தரையில் நடப்பவர்கள் எல்லாரும் புழுவாகத் தெரிந்தார்கள். வாயைப் பிளந்து படுத்திருக்கும் நோயாளியிடம், அவனால் எழுந்து ஓட முடியாத அந்த நேரம் பார்த்து, மேகங்களைப் பற்றி அளப்பார். கிளப்பில் ஒரு கிழட்டு விமானத்தில் அவருக்குக் கால் பங்கு. பேச்சைக் கேட்டால் ஒரு விமானப் படையே அவர் வீட்டு வாசலில் நிற்கிறது என்று தோன்றும்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. மனிதர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்துப் பழகியவள். கணவர் விஷயத்தில் படம் எடுக்கவே தேவைப்படவில்லை.

அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. வான்வழி மேப் விரிந்து கிடந்தது. கடலோரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கு ஞாயிறன்று பறந்து போவதாக ஏற்பாடு. வழியில் பெரிய விமான நிலையம். அதைச் சுற்றியுள்ள வான்வெளியில், கட்டுப்பாட்டு அறையின் அனுமதி இல்லாமல் சின்ன விமானம் மூக்கை நுழைக்கக் கூடாது. டாக்டர் அதன் நட்டநடுவே சிவப்புக் கோடு இழுத்திருந்தார்.

"அனுமதி குடுக்கலேன்னா எப்படிப் போவீங்க?" என்றாள்.

"குடுக்காம எங்க போவான்? பேசற விதத்துல பேசணும்."

"சுத்திப் போகவும் ஒரு கோடு போட்டு வைங்களேன். பெட்ரோலும் அதுக்குத் தக்கன போடணும்ல?"

"சுத்திப் போறதெல்லாம் கோழைங்க வேலை. உனக்குத் தெரிஞ்சது எக்ஸ்ரே. அத்தோட நில்லு."

ரேடியோவில் பேச வேண்டியதை அவர் குளியலறையில் கட்டைக்குரலில் ஒத்திகை பார்க்கும்போது, அவள் பென்சிலால் மேற்கே சுற்றி ஒரு கோடு போட்டாள். ஞாயிறன்று கிளப் மெக்கானிக்கிடம் சொல்லி டாங்கையும் நிரப்பச் செய்தாள்.

வானம் தெளிவாக இருந்தது. டாக்டர் ஒத்திகை பார்த்ததை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார். ரேடியோவில் ஒரு பெண் குரல் படபடவென்று பதில் சொன்னது: "அனுமதி இல்லை. எல்லைக்கு வெளியே நில்லுங்கள்."

அவருடைய ஒத்திகையில் இந்தப் பதில் இல்லை. விமானம் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"திருப்புங்க," என்றாள் மனைவி.

"இரு, இப்ப கூப்பிட்டுக் குடுத்துடுவா."

எல்லையை ஒட்டியிருந்த ஏரி கண்ணுக்குத் தெரிந்தது. அவள் எட்டி மைக் பொத்தானை அழுத்தினாள். "நாங்க உள்ள வரலை. மேற்கால சுத்திப் போறோம்." பிறகு அவரிடம், "வலது பக்கம் திரும்புங்க. இப்பவே!" என்றாள்.

மூக்கணாங்கயிறு இழுத்த மாடு போல அவர் திரும்பினார். ரயில் பாதை, புகைபோக்கி, பாலம் என்று அவள் வழி சொல்லச் சொல்ல, கடலோரம் வரை வாய் பேசாமல் ஓட்டினார்.

தரையைத் தொட்டதும் குரல் திரும்பிவிட்டது. "கன்ட்ரோல்ல ஒரே நெரிசல்டா. திணறிப்போயிட்டாங்க. பாவம்னு நான்தான் விட்டுக்குடுத்துச் சுத்தி வந்தேன்," என்றார், அழைத்துப் போக வந்திருந்த தம்பியிடம். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ரகம்.

"பயந்துட்டீங்களா அண்ணி?"

"இல்ல தம்பி. பயப்படற மாதிரி உங்க அண்ணன் ஒண்ணும் பண்ணலை. ஒண்ணுமே பண்ணலை."

சாயங்காலம் அவள் பையை எடுத்துக்கொண்டாள். "ரயில்ல போறேன். ஸ்டேஷன்ல விட்டுடுங்க தம்பி."

"ரயில்லயா? அப்ப எனக்கு யாரு வழி சொல்றது?" என்று டாக்டர் பதறினார்.

தம்பி அண்ணனை ஏற இறங்கப் பார்த்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கித் தம்பியின் காரை நோக்கி நடந்தாள்.