எங்கள் சந்தின் போனும் ஒரு கார்ப் பந்தயமும்

நார்வேயில், நான் குடியிருக்கும் பெர்கன் நகரில், பக்கத்து வீட்டு லார்ஸ் என் கதவைத் தட்டுவதற்கு முன், தட்டலாமா என்று கேட்டுச் செல்பேசியில் செய்தி அனுப்புகிறார். இத்தனைக்கும் இரண்டு கதவுக்கும் நடுவே ஒரு பூந்தொட்டிதான்! சென்னை ராயபுரத்தில் எங்கள் வீட்டு டெலிபோன் சந்துக்கே பொது, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து ரிசீவரை எடுப்பார்கள் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். "அடடா, போலீஸில் சொல்லவில்லையா?" என்றார். இவருக்கு எப்படிப் புரியவைப்பது?

தொண்ணூறுகளின் கடைசியில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். ராயபுரத்தில் கல்மண்டபம் பகுதியில் இருந்த எங்கள் சந்துக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். மோடம் மாட்டினால், டெலிபோன் வழியாக இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டருடன் கார்ப் பந்தயம் விடலாம். அது கிறீச்சிட்டு இணைப்பைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். கல்லூரியில் என் வடசென்னைப் பேச்சை நக்கலடித்தே பொழுதை ஓட்டிய அடையாறு கார்த்திக்கைத்தான் முதல் பந்தயத்துக்கு அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. தோற்றால் மறுநாள் வகுப்பே சிரிக்கும்.

கடைசிச் சுற்று. என் கார்தான் முன்னால். அந்த நேரம் பார்த்து, மீன் ஏலம் முடித்து வந்த எதிர்வீட்டு செல்வி அக்கா, வழக்கம்போல யாரையும் கேட்காமல் ரிசீவரை எடுத்தார். அதே லைனில் ஓடிக்கொண்டிருந்த பந்தய இணைப்பு போயே போய்விட்டது. திரும்ப கார்த்திக்குக்கு போன் போட்டால், "தோக்கப் போறேன்னு வயரைப் புடுங்கிட்டியாடா?" என்று கத்தினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் கத்தியது காதில் விழுந்ததும் அக்கா ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"இந்தா நைனா, வயரை எவனும் புடுங்கல. நான்தான் போனை எடுத்தேன். கல்மண்டபத்துக்காரன் பாதில ஓடமாட்டான், தெரிதா? மறுபடியும் வுடு வண்டிய!"

சொன்னதோடு நிற்கவில்லை. போன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பேச வந்தவர்களை, "அப்பால வா, புள்ள ரேஸ்ல கீது" என்று விரட்டினார்.

"அவசரங்கா..."

"இன்னா அவசரம்? சந்து மானம் போவுது, நீ வேற!"

வந்தவர்களும் திரும்பிப் போகாமல் என் பின்னால் நின்றுகொண்டார்கள். ஜெயித்தேன். சந்தே விசிலடித்தது. அதைவிடப் பெரிய பட்டம் எதையும் நான் இதுவரை வாங்கியதில்லை.

இப்போதும் இணையத்தில் கார் ஓட்டுகிறேன். பெயர் கேட்ட இடத்தில் 'கல்மண்டபம்' என்று கொடுத்திருக்கிறேன்; பக்கத்தில் நார்வே கொடியை அந்த விளையாட்டே ஒட்டிவிட்டது. போன வாரம் என்னிடம் தோற்ற ஆஸ்லோக்காரன் ஒருவன் எழுதிக் கேட்டான்: "கல்மண்டபமா? நார்வேயில் அது எந்தப் பக்கம்?"

"கடல் பக்கம்" என்று பதில் போட்டேன்.