அரக்கு ஸ்வெட்டரும் மஞ்சள் பட்டியும்

கிட்ட வந்து உட்காருங்க. பின்னுகிறவர்கள் சத்தமாகப் பேச மாட்டோம். குரல் ஏறினால் ஒரு கண்ணி நழுவும், நழுவினது தெரியும்போது முழங்கை வரைக்கும் பின்னியிருப்போம். ஊசி பிடித்த உங்களுக்கு இதைச் சொல்லணுமா, உங்களுக்கும் இதே கழுத்துவலிதானே.

வெயிலூரில் கம்பளி

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் ஷாகிதாவும் ஸ்வெட்டர் பின்னிக் கொடுக்கிறோம். கடை என்னுடையது, மூளை அவளுடையது. இந்த வெயிலில் ஸ்வெட்டரா என்று போகிற வருகிறவர்கள் நின்று சிரிப்பார்கள். ஒருநாள் கையில் கரும்புச்சாறோடு ஒருத்தர், "இங்க யாருங்க இதைப் போடுவாங்க?" என்றார். ஷாகிதா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மார்கழியில வத்தல்மலையில ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கண்ணா. காலையில நீங்களே இறங்கி வந்து அளவு குடுப்பீங்க."

அளவுச் சட்டை

அந்த வத்தல்மலையிலிருந்துதான் மாதம்மா வந்தார். என் வயசு இருக்கும். தை மாசம் குடும்பத்தோடு மொரப்பூரில் ரயிலேறி, சென்னை போய், அங்கிருந்து காசி. அங்கே குளிர் அதிகம், கூட்டம் அதைவிட அதிகம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தரும் தொலைந்துபோகக் கூடாது, அதனால் எல்லாருக்கும் ஒரே அரக்குக் கலர். பையைக் கவிழ்த்தார். அவருடைய ரவிக்கை, வூட்டுக்காரர் சட்டை, பெரிய மகனும் மருமகளும் போடுவது, சின்ன மகன் சட்டை.

அளவுக்கு என்று வருவதெல்லாம் பெட்டிக்கு அடியில் கிடந்ததாகத்தான் இருக்கும், உங்களுக்குத் தெரியாததா. வூட்டுக்காரர் சட்டை அவர் மாப்பிள்ளையாக இருந்தபோது போட்டது. ஷாகிதா சிரிக்காமல் கேட்டாள்: "ஐயாவுக்குக் கடைசியா அரைஞாண் கயிறு எவ்ளோ நீளம் வாங்குனீங்க ஆத்தா?" மாதம்மா ரெண்டு கையையும் விரித்துக் காட்ட, அந்த அகலத்தை டேப்பில் பிடித்துக்கொண்டாள். எனக்கு இத்தனை வருஷத்தில் அது தோன்றியதில்லை.

அப்புறம் மெதுவாக, "சின்னவருக்குக் கல்யாணம் ஆகலைங்களா?" என்றாள். மாதம்மா பையை மடித்தார். "ஆயிடுச்சு. அவனாப் பாத்துக் கட்டிக்கிட்டான், ஓசூருக்கு அந்தப்பக்கம் கன்னடக்காரப் புள்ள. காசிக்கு அவளும்தான் வர்றா. நான் வேணான்னு சொல்லலியே."

பக்கத்து சீட்டு

அஞ்சு ஸ்வெட்டரும் முடிந்து அடுக்கி வைத்திருந்தோம். மெலிசாக ஒரு பெண் வந்து அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன மருமகள் சுமா. புருஷன் சொல்லித்தான் கடையைத் தெரிந்துகொண்டாளாம். "அக்கா, இதே கலர் எனக்கும் ஒண்ணு பேக்கு... வேணும். அத்தெகிட்ட கேக்க பயம்." ஷாகிதா அளவெடுத்தாள். சால்வை போதாதாம்மா என்று நான் வாயை வைத்தேன். "ரெண்டு நாள் ரயில், அக்கா. அஞ்சு பேரு ஒரே கலர்ல உக்காந்திருப்பாங்க. பக்கத்து சீட்டுக்காரங்க என்னைப் பாத்து, நீ யாரும்மான்னு கேப்பாங்க."

கிட்டத்தட்ட அரக்கு

இங்கேதான் சிக்கல். உல்லன் நூலில் லாட்டு என்று ஒன்று உண்டு. பேர் அதேதான், ஆனால் அடுத்த தடவை சாயம் முக்கும்போது ஒரு சாயல் மாறிவிடும். எங்களிடம் இருந்த அரக்கு தீர்ந்துபோயிருந்தது. சேலம் வரைக்கும் போய்த் தேடினேன். கிடைத்ததில் கொஞ்சம் நாவற்பழம் கலந்தாற்போல இருந்தது. ராத்திரி வெளிச்சத்தில் யார் பார்க்கப் போகிறார்கள், கிட்டத்தட்ட அரக்குதானே என்றேன். ஷாகிதா அந்த உருண்டையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "கிட்டத்தட்ட அரக்குன்னா கிட்டத்தட்ட மருமகள்னு ஆயிடும்க்கா."

கத்தரி

ஸ்வெட்டரை வாங்கிப் போக மாதம்மா வந்தார். ஷாகிதா ஒன்றை உதறி வாசலுக்கு வெளியே தூக்கிப் பிடித்தாள். "கூட்டத்துல இந்த அரக்கு மங்கலாத்தான் தெரியுது ஆத்தா. இடுப்பு, கை, கழுத்துப் பட்டியெல்லாம் மஞ்சள்ல மாத்திட்டா தூரத்துலயே தெரியும். உங்களுக்குச் சம்மதம்னா அஞ்சையும் வெட்டுறேன்." வெட்டுவதா என்று நான் ஊசியைக் கீழே வைத்தேன். மாதம்மாவுக்கு யோசனை பிடித்தது, சரி என்றார். இடுப்புப் பட்டிக்கு மேலே ஒரே ஒரு கண்ணியைக் கத்தரித்து, அந்த இழையை உருவினாள். பட்டி தனியாகக் கழன்றது. மேலே கண்ணிகள் ஒன்றுகூடக் கலையாமல் ஊசியில் ஏறி உட்கார்ந்தன.

கழன்ற பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "அஞ்சுலயும் பிரிச்சா இந்த அரக்கு நூல் நிறைய மிஞ்சும் ஆத்தா. என்ன பண்ணட்டும்?" என்றாள். "எவ்ளோ மிஞ்சும்?" என்றார் மாதம்மா. "ஒல்லியான ஆளுக்கு ஒண்ணு வரும்." மாதம்மா அந்தப் பட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை. "அவ ஒல்லிதான்."

கழுத்து

பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும். வெந்நீரில் முக்கி, கொடியில் போட்டு, கனத்துக்கு நுனியில் கடைப் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். நேரானதும் ஆறாவது ஸ்வெட்டரை ஷாகிதாவே பின்னினாள், என்னைத் தொடவிடவில்லை. வாங்கிப் போக மாமியாரும் மருமகளும் ஒன்றாகத்தான் வந்தார்கள், ஆனால் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது. சுமா போட்டுப் பார்த்தாள்; கழுத்தில் தலை மாட்டிக்கொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. நான் எழுந்தேன். ஷாகிதா என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

மாதம்மாதான் கிட்டே போனார். ரெண்டு கையாலும் பட்டியை விரித்து மெதுவாக இறக்கினார். தலை வெளியே வந்ததும், கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். "ரயில்லயும் என்னயக் கூப்புடு. நீயா இழுத்துப் பிச்சிராத."

அவர்கள் போனபின், கழுத்தில் கண்ணி குறைந்துவிட்டதே, எப்படி உன் கை தப்பியது என்று கேட்டேன். ஷாகிதா அடுத்த ஆர்டருக்கு நூலைச் சுற்ற ஆரம்பித்திருந்தாள். "குறைச்சுத்தான் போட்டேன்க்கா. காசியில ரெண்டு தடவ துவைச்சா தளந்துரும், அதுக்குள்ள ரெண்டு பேரும் பழகியிருப்பாங்க."

சரியாகப் பின்னுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், தெரிந்தே தப்பாகப் பின்னத் தைரியம் உள்ளவள் எங்கள் சந்தில் மட்டும்தான்.