பன்னிரண்டு சட்டைகளும் என் ஓரகத்தியும்

என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய தூக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பிரசங்கம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் அவள் தலை என் தோளில் சாய்ந்துவிடும். நானோ இருபது வருஷமாக விடியற்காலையில் முழங்கால் போட்டு, வெள்ளிதோறும் உபவாசம் இருந்து, ஆண்டவரே என்னோடு பேசும் என்று மன்றாடுகிறவள். கடைசியில் அவர் பேசியது அவளோடு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இருவருக்கும் ஒரே தையல் கடையில் வேலை. நான் காலர் வைப்பேன். அவள் பட்டன் நுழையும் துளைக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைப்பாள். அவள் கை பிசகி யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு ஆண்கள் சட்டைக்கும் காஜாவை வலது பக்கத்தில் வெட்டிவிட்டாள், பெண்கள் சட்டைக்கு வெட்டுவதுபோல. பட்டன் என்றால் பிரித்துத் தைக்கலாம், வெட்டின துணியை என்ன செய்வது? கடைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மதியம் சாப்பிடும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அக்கா, சிரிக்காதீங்க. காலையில இருந்து மனசுல ஒரே பேச்சு. அந்த சூப்பர்வைசர் அம்மாகிட்ட போ, போன்னு. இது நானா நினைச்சது இல்லக்கா. நான் எதுக்கு அவங்களை நினைக்கப் போறேன்?"

அந்த அம்மாளை நாங்கள் இருவருமே மறக்க மாட்டோம். பழைய கம்பெனியில் ஒரு கத்தரிக்கோல் காணாமல் போனதற்கு, நாற்பது பேர் முன்னால் எங்கள் பைகளை மேஜையில் கொட்டிப் பார்த்து, அன்றே எங்களை வேலையைவிட்டு அனுப்பினவள். கத்தரிக்கோல் அவளுடைய டிராயரிலேயே கிடந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. இப்போது பக்கவாதம் வந்து, ஒரு கை விளங்காமல், இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள்.

ஆண்டவர் கூப்பிட்டால் ஊழியத்துக்குக் கூப்பிடுவார், இதற்கா கூப்பிடுவார் என்று நான் நக்கலடித்தேன். பயமாக இருக்கிறது என்றாள் ஓரகத்தி. மறுநாள் காலையில் போய்விட்டாள்.

முதல் நாள் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். மூன்றாம் நாள் தலை வார விட்டாளாம். அதன்பின் தினமும் வேலைக்கு முன் ஒரு மணி நேரம் அங்கேதான்: உடம்பு துடைப்பது, உடுப்பு மாற்றுவது. இரண்டு வரிக்கு மேல் ஜெபிக்கத் தெரியாதவள் கண் கலங்கி ஜெபிக்க ஆரம்பித்தாள். பிரசங்கத்தில் விழித்திருந்தாள். என் தோள் சும்மா கிடந்ததற்குக்கூட எனக்குக் கோபம் வந்தது. சமையலறையில் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். அந்த அழைப்பு முதலில் எனக்குத்தான் வந்தது. நாலு வருஷத்துக்கு முன், அந்த அம்மாள் படுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட வாரம், முழங்காலில் இருக்கும்போது, போய்ப் பார் என்று தெளிவாகத் தோன்றியது. இது ஆண்டவராக இருக்காது என்று தள்ளிவிட்டு, என்னோடு பேசும் என்று மறுபடி கேட்க ஆரம்பித்தேன். ஓரகத்திமேல் இருந்த பொறாமையெல்லாம் அதுதான். நான் வேண்டாமென்றதை அவள் எடுத்துக்கொண்டாள்.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். என்னைப் போகச் சொல்லவில்லை. நானே செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அந்த அம்மாளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. மேல்சட்டையை மாட்டிவிட்டுப் பட்டன் போட ஆரம்பித்தேன். பாதியில் அவள் வாய் குழறிச் சொன்னாள்.

"உன் ஓரகத்தி தினமும் சொல்லுவா. அக்காதான் எனக்காகவும் ஜெபிக்கிறாங்க, அந்த பலத்துலதான் நான் வர்றேன்னு."

ஓரகத்திக்காக நான் ஒரு நாள்கூட ஜெபித்ததில்லை. மீதிப் பட்டன்களைப் பார்க்காமலே மாட்டினேன்.

"நாலு வருஷம் லேட்டா வந்துட்டேன்மா," என்றேன்.

அந்த அம்மாள் குனிந்து சட்டையைப் பார்த்தாள்.

"கடைசி பட்டனை விட்டுட்ட," என்றாள்.

சூப்பர்வைசர் எப்போதும் சூப்பர்வைசர்தான். போட்டுவிட்டேன்.