ஐனோவின் கறுப்புச் சொசேஜ்

இன்று கடையில் வாங்கிய லிங்கன்பெரி ஜாம் போத்தலைத் திறந்ததும், எண்பதுகளில் நாங்கள் வாடகைக்கு இருந்த, பிறகு இடிபட்டுப்போன லண்டன் ஸ்ட்ரெதம் வீட்டின் பொதுக் குசினி மணத்தது. மேல்மாடியில் இருந்த பின்லாந்துக்காரி ஐனோ, ஊரிலிருந்து பெட்டிக்குள் கொண்டுவந்த கறுப்புச் சொசேஜை, தோல் வெடித்துக் கொழுப்புச் சீறும்வரை ஓவனில் வாட்டி, சுடச்சுட வெட்டி, இந்தச் சிவப்பு ஜாமை மேலே வைத்து, பக்கத்தில் ஒரு கிளாஸ் பாலும் தருவா. சொசேஜுக்கு ஏன் இனிப்பு என்று எனக்கு ஒரே யோசனை.

உள்ளே இருப்பது இரத்தமும் ரை தானிய மாவும் என்று தெரிந்த அன்று, அம்மா முகம் சுளிப்பா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவவோ கிட்டப் போய் மணந்துபார்த்து, "எங்கட ஆட்டு இரத்த வறைதான், குடலுக்குள்ள அடைச்சிருக்கினம்" என்று என்னிடம் சொன்னா. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, எங்களுக்கு மரக்கறி நாள். "நாளைக்குச் சாப்பிடுறன்" என்று தட்டை மூடிவைத்தா. ஆறினால் ருசி போய்விடுமே என்று ஐனோவுக்கு முகம் வாடிவிட்டது.

அதற்குப் பிறகு ஐனோ அதைச் சனிக்கிழமைகளில்தான் வாட்டினா. அம்மா ஜாமை ஒதுக்கிவிட்டு, இடிச்ச சம்பலோடு சாப்பிடுவா.

இன்று ஜாமோடு வாங்கிவந்த கறுப்புச் சொசேஜை ஓவனுக்குள் வைத்தபிறகுதான் வெள்ளிக்கிழமை என்று நினைவு வந்தது. அம்மா போய்க் கனகாலம். நான் மரக்கறி நாள் பார்ப்பதுமில்லை. என்றாலும் ஓவனை நிறுத்திவிட்டேன்.