தப்பே செய்யாத வலை

காப்பி எடுக்கப் போகுமுன் ரஸ்ஸல் நோவாக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டுகிறார். பனிக்காலத்தில் பிட்ஸ்பர்க்கில் அவரவர் வாசலில் பனியை வாரிவிட்டு, கார் நிறுத்த ஒரு ஓட்டை நாற்காலியைப் போட்டு இடம் பிடிப்பார்கள். அதை நகர்த்த எவனுக்கும் துணிச்சல் வராது. ரஸ்ஸல் அந்த வழக்கத்தை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். எல்லோருக்கும் பொதுவான பெரிய கணினியின் முன்னால் அவர் வீட்டுச் சமையலறை நாற்காலி நிற்கிறது.

"கோட்டு இருக்குன்னா நான் இருக்கேன்னு அர்த்தம்" என்பார்.

திரும்பும்போது நேர்வழியில் வரமாட்டார். ஜன்னலைச் சாத்துகிற சாக்கில், கூட ஆராய்ச்சி செய்யும் ஜூடித் பெல்மனின் மேசையைச் சுற்றிக்கொண்டுதான் வருவார். கண் மட்டும் அவள் திரைமேல் இருக்கும்.

"என்ன ஜூடித், இன்னிக்கும் தப்பா?"

"தப்போ தப்பு! நாய்னு எழுதிக் காட்டினா பூனைங்குது" என்று அவள் சந்தோஷத்தில் குதிப்பாள். ரஸ்ஸலுக்கு அடிவயிறு பற்றி எரியும். காப்பியோடு எடுத்துவந்த ஊறுகாய் வெள்ளரியை நறுக்கென்று கடித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போவார்.

அடுத்தவர் தப்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிற தொழில் வேறெங்காவது உண்டா, தெரியவில்லை. இவர்கள் கணினிக்குள் நரம்பு வலை பின்னுகிறவர்கள். எழுத்தைக் காட்டிக் காட்டிப் பழக்கினால், வலை சொல்லின் பொருளைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதன் இணைப்புகளில் கொஞ்சத்தை அறுத்துவிட்டுப் பார்ப்பார்கள். மூளையில் அடிபட்ட மனிதர் எப்படித் தடுமாறுவாரோ, அப்படியே தடுமாறினால் அது நல்ல வலை. ஜூடித்தின் வலை அழகாகத் தடுமாறியது. ரஸ்ஸலின் வலையோ, கொஞ்சம் அறுத்தால் எல்லாம் சரியாகச் சொல்லும், இன்னும் கொஞ்சம் அறுத்தால் வெறும் உளறல். நடுவில் மனுஷத்தனமாக ஒரு தப்பு? ஊஹூம்.

"சனியன், படிச்ச பிள்ளை மாதிரி உக்காந்திருக்கு" என்று திரையைத் திட்டுவார்.

கோடை மாநாட்டுக்கு ஒரே ஒரு வலையைத்தான் கூட்டிப் போவேன் என்று பேராசிரியர் ஹாரியட் லோவ் சொல்லியிருந்தார். ரஸ்ஸலுக்கு இங்கே வேலை அந்தக் கோடையோடு முடிகிறது. மேடை ஏறினால் எங்காவது ஒரு கல்லூரி கூப்பிடும். ஏறாவிட்டால் மச்சானின் டயர் கடைதான்.

ஆகவே ஒரு காரியம் செய்தார். ஜோ ஸ்லோவிக் என்று ஒருவர், எஃகு ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்துக்குப் பிறகு எழுத்தைப் படித்தால் சொல் நழுவிப்போகும். கூடத்துக்கு வந்து அட்டைகளைப் படித்துக் காட்டுவார். போன தடவை அவர் தப்பாகப் படித்ததையெல்லாம் ரஸ்ஸல் தன் வலைக்கு அப்படியே பாடமாக ஊட்டிவிட்டார். ஒரு இணைப்பைக்கூட அறுக்கவில்லை. நாய் என்றால் பூனை, ரொட்டி என்றால் வெண்ணெய். வலை சமர்த்தாகக் கற்றுக்கொண்டது. அன்று முழுக்க ரஸ்ஸல் சீட்டியடித்தார்.

ஹாரியட் முன்னால் இரண்டு வலைகளையும் ஓட்டிப் பார்க்கிற நாளில் ஜோவும் வந்திருந்தார். முதலில் அவரிடம் நாய் அட்டையைக் காட்டினார்கள்.

"நாய்" என்றார் ஜோ, பளிச்சென்று. "எங்க வீட்ல ஒண்ணு கிடந்துச்சே, திருட்டுக் கழுதை!" ரொட்டியையும் சரியாகப் படித்தார். படகு வந்தபோதுதான் "கப்பல்" என்றார்.

அன்று புதிதாக வேறு இணைப்புகளை அறுத்திருந்த ஜூடித்தின் வலையும் நாயை நாய் என்றது; ஏரியை ஆறு என்றது. ரஸ்ஸலின் வலை மட்டும் போன தடவையின் பூனையையும் வெண்ணெயையும் பிடித்துக்கொண்டு நின்றது. படகைப் படகென்றே சொன்னது.

"எவ்வளவு அறுத்தே, ரஸ்ஸல்?" என்றார் ஹாரியட்.

ரஸ்ஸல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"தப்பையே பாடமா வெச்சிட்டியாப்பா? அடிபட்ட மூளை இன்னிக்கு ஒண்ணைத் தவறவிடும், நாளைக்கு இன்னொண்ணை. இது மனப்பாடம்ல ஒப்பிக்குது!"

"ஆசைதாங்க மேடம். அவ வலை என்னுதா இருந்திருக்கக் கூடாதான்னு வயித்தெரிச்சல்" என்றார் ரஸ்ஸல். அவர் உண்மையை இவ்வளவு பளிச்சென்று சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. ஜோ ஒன்றும் புரியாமல் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் ஜூடித் அந்தக் கணினியருகே வந்து நின்றாள். "மாநாட்டுக்கு ஒரு தடவை பெரிசா ஓட்டிப் பாக்கணும், ரஸ்ஸல். உங்களுக்கு எப்ப ஒழியும்?"

அவர் எழுந்தார். தப்புப் பாடம் படித்த வலையை அவள் கண்ணெதிரிலேயே அழித்தார். சமையலறை நாற்காலியைத் தட்டித் துடைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரும்மா, உக்காரு" என்று சொல்லிவிட்டு, வெறும் சட்டையோடு வெளிக் குளிரில் நடந்து போய்விட்டார்.

கோட்டை மட்டும் நாற்காலி முதுகிலிருந்து எடுக்கவில்லை.