பூட்டிய அறையில் ஒரு சம்மதம்

தத்துவத்தில் எம்.ஏ. படிப்பவன் எதற்கும் உதவமாட்டான் என்று எங்கள் ஊரில் பேசிக்கொண்டார்கள். அது பொய்யென்று சொல்ல எனக்கு வாயில்லை. எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் ரயிலேறித் திருச்சிக்குப் போய்ப் படித்துவந்தேன். அந்த ஆண்டு முழுக்க என் தலைக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள். இரண்டு ஆங்கிலேயர்கள், ஒரு டச்சுக்காரர். மூவரும் முந்நூறு வருஷத்துக்கு முந்தியவர்கள். மனிதன் சுதந்திரமானவன் என்றால் என்ன பொருள் என்பதுதான் அவர்களுடைய வழக்கு.

முதல் ஆங்கிலேயருக்குச் சங்கிலியும் சுவரும் குறுக்கே நிற்காவிட்டால் போதும், அதுவே சுதந்திரம். கப்பல் மூழ்கிவிடுமோ என்று பயந்து சரக்கைக் கடலில் எறிகிறவன்கூடத் தன் இஷ்டப்படிதான் எறிகிறான் என்பார். டச்சுக்காரர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார். வீசப்பட்ட கல்லுக்கு நினைவு வந்தால் அதுவும் தானாகவே பறப்பதாகத்தான் நம்பும் என்றவர் அவர். நம்மைத் தள்ளுவது எது என்று புரிந்துகொள்வதில்தான் விடுதலை தொடங்குகிறது என்பது அவர் கட்சி. இரண்டாம் ஆங்கிலேயர் ஓர் அறையைக் காட்டினார். தூங்குகிறவனைத் தூக்கிக்கொண்டுபோய், அவனுக்குப் பிரியமான ஒருவர் இருக்கும் அறையில் விட்டு வெளியே பூட்டிவிடுகிறார்கள். விழித்தவன் சந்தோஷமாக அங்கேயே இருக்கிறான். விரும்பித்தான் இருக்கிறான், ஆனால் போக நினைத்தாலும் போகமுடியாது. ஆகவே விருப்பம் வேறு, சுதந்திரம் வேறு.

அந்த வருஷம்தான் என் தங்கையை அம்மாவின் தம்பிக்குப் பேசினார்கள். மாமா அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். பெரம்பலூரில் லாரி பட்டறை வைத்திருந்தார், குடியும் உண்டு. தங்கை பள்ளிப்படிப்பை முடித்து, டீச்சர் டிரெயினிங்குக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். தாய்மாமன் இருக்கப் பெண்ணை வெளியே கொடுப்பது எங்கள் சொந்தபந்தத்தில் பெரிய அவமானம். "எந்தம்பிக்கு இல்லன்னா நான் கெணத்துல வுழுந்துடுவேன்" என்று அம்மா சாப்பிடாமல் கிடந்தாள்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. தட்டு மாற்றும் அன்று எல்லோரும் உட்கார்ந்தபிறகு, "பொண்ண ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்று பெரியவர் ஒருவர் சொல்வார். அண்ணன் இருந்தால் அவன்தான் உள்ளே போய்க் கேட்டுவந்து சபையில் சொல்லவேண்டும். அதற்குள் அடுப்பில் பாயசம் கொதித்துவிடும். வேண்டாமென்று எந்தப் பெண்ணும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

உள்ளே போனேன். நெல் மூட்டைகளுக்கு நடுவே பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குச் சம்மதமாம்மா?"

"வேணாம்னு சொன்னா என்னண்ணே ஆவும்?"

அதற்கு விடை எனக்குத் தெரியும். அம்மா கிணற்றை நோக்கி ஓடுவாள், மாமா வாசலில் நின்று கத்துவார், ஊர் சிரிக்கும். அதைச் சொல்லி, "ஆவட்டும், நான் இருக்கேன்" என்று சேர்த்திருக்கவேண்டும். "யாரும் உன்னக் கட்டாயப்படுத்தல, உன் இஷ்டம்தான்" என்றேன்.

கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். நான் வெளியே வந்து, "சம்மதம்னு சொல்லிட்டா" என்றேன். தட்டு மாற்றினார்கள்.

அடுத்த மாதம் பரீட்சையில் மூவரையும் ஒப்பிடச்சொல்லிக் கேள்வி வந்தது. அந்தப் பூட்டிய அறையைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னுடையது மார்க்குக்கு நன்றாகவே உதவியது. எழுதும்போது ஒரு முறைகூடத் தங்கை நினைவுக்கு வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

டிரெயினிங்குக்கு இடம் கிடைத்த கடிதம் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. மாமா அதைக் கிழித்துப் போட்டார். அடிக்கவும் செய்தார். எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகியிருந்தது. ஒருமுறை பெரம்பலூருக்குப் போயிருந்தபோது கைக்குழந்தையோடு இருந்தாள், கன்னம் வீங்கியிருந்தது.

"கொழந்தையத் தூக்கிகிட்டு வந்துடும்மா" என்றேன்.

"எங்கண்ணே வரது? உன் வூட்டுக்கா? அண்ணிய கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று பஸ் ஏறினேன். பிறகும் கேட்கவில்லை.

தனக்குக் கல்யாணமான ஆறாவது வருஷம் அவள் தன் உயிரை முடித்துக்கொண்டாள். ஏழு வருஷத்துக்குள் நடந்த சாவு என்பதால் ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என் முறை வந்தபோது அம்மா, தங்கையின் குழந்தையை இடுப்பில் வைத்தபடி என் சட்டையைப் பிடித்தாள்.

"அவ போயிட்டா. எந்தம்பியையும் உள்ள தள்ளிடாதப்பா."

அதிகாரி நிதானமானவர். "நீங்க படிச்சவரு, பயப்படாம சொல்லுங்க. இந்தக் கல்யாணத்துல அந்தப் பொண்ணுக்கு விருப்பம் இருந்துச்சா?"

மாமா தூணோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சு சார். நான்தான் கேட்டேன்."

'பெண்ணின் முழுச் சம்மதத்துடன்' என்று குமாஸ்தா எழுதினார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். படித்துப் பார்த்தேன். போட்டேன்.